அமெரிக்கனின் இடப்பக்கம்

போன மாதம் டோர்ட்மண்டில் நீங்கள் மல்யுத்தப் பயிற்சி எடுக்கும் மண்டபத்துக்கு வந்திருந்தேன். இடைவேளையில் உங்களில் ஒரு பிள்ளை தண்ணீர்ப் போத்தலைத் திறந்துகொண்டே, "மாமா, உங்கட காலத்திலயும் ஆர் வெல்லுறது எண்டு முதலே கதைச்சு வைக்கிறதோ?" என்று கேட்டாள். நான் "ஓம்" என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. பழைய ஆட்கள் எல்லாரும் மெய்யாகவே அடிபட்டவர்கள் என்று நினைத்திருந்தாள் போலும். பிள்ளை, அடிபட்டதும் மெய்தான். என் முழங்காலைக் கேட்டால் அது சொல்லும். முடிவைத்தான் முதலே பேசி வைத்தோம்.

பதினெட்டு வருடம் இந்தத் தொழிலில் இருந்தேன். பேசி வைத்த முடிவை ஒரேயொரு தடவை மாற்றினேன். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குச் சொல்லலாம் என்று தோன்றுகிறது. எப்படித் தூக்குவது, எப்படி விழுவது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சியாளர் என்னைவிட நன்றாகச் சொல்லித் தருகிறார். அதில் நான் மூக்கை நுழைக்கவில்லை.

அறுபதுகளில் ஹம்பேர்க்கில் மல்யுத்தம் என்றால் ஒரு நாள் கூத்து அல்ல. கோடையில் பெரிய திடலில் கூடாரம் அடிப்பார்கள். நாற்பது நாள் தொடர்ந்து நடக்கும். அதே ஆட்கள், அதே ரிங், பெரும்பாலும் அதே சனம். ஒவ்வொரு மாலையும் தொடங்கும்போது எல்லா வீரர்களும் வரிசையாக ரிங்குக்குள் ஏறி நிற்க வேண்டும். பாண்டு வாசிக்கும். அறிவிப்பாளர் ஒவ்வொருவராகப் பெயர் சொல்லுவார். நல்லவனுக்குக் கைதட்டு, கெட்டவனுக்குச் சீழ்க்கை. நான் கெட்டவன். கப்பலில் வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பருத்தித்துறைக்காரனான என்னைக் கூடார முதலாளி ஒரே நாளில் மகாராஜா ஆக்கிவிட்டார். மகாராஜாவை நானும் கண்டதில்லை, அவரும் கண்டதில்லை. அதனால் இருவருக்கும் அதில் கருத்து வேறுபாடு வரவில்லை.

வரிசையின் இடது கோடியில் எப்போதும் ஒரு அமெரிக்கன் நிற்பான். என்னைவிட ஆறேழு வயது மூத்தவன். பெரிய தொப்பியும் குதிரைக்காரச் சப்பாத்துமாக டெக்சாஸ்காரன் என்று அவனை அறிவிப்பார்கள். உண்மையில் அவன் சோளம் விளையும் ஏதோ மாநிலத்துக்காரன், குதிரையைக் கண்டால் நாலு முழம் தள்ளி நிற்பான். அவன் பேசியது இங்கிலிஷ். எத்தனையோ வருடம் மனதுக்குள் யாழ்ப்பாணத் தமிழிலேயே அவனோடு கதைத்து வந்திருக்கிறேன். ஆகவே இங்கேயும் அப்படியே பேச விடுகிறேன், அவன் கோவிக்க மாட்டான். ஜெர்மன் பேசிய மற்றவர்களையும் அப்படியே.

என் முதல் மாலையில் நடந்தது இது. என் தலைப்பாகையை முதலாளியின் மனைவி பழைய திரைச்சீலை ஒன்றில் கட்டி விட்டிருந்தார். ரிங்கில் நான் ராஜகம்பீரமாகக் குனிந்து நிமிர்ந்தேன். துணி அவிழ்ந்து முகத்தை மூடி இடுப்புவரை தொங்கியது. கூடாரம் முழுக்கச் சிரித்தது. கெட்டவனைப் பார்த்துச் சனம் சிரித்தால் அவன் பிழைப்பு அன்றோடு முடிந்தது, அது எனக்கே தெரிந்தது. துணிக்குள் நின்றுகொண்டு அடுத்த கப்பல் எப்போது என்று யோசித்தேன். அப்போது கன்னத்தில் ஒரு அறை விழுந்தது. நடிப்பு அறை அல்ல, பல் ஆடிய அறை. துணியை இழுத்து எறிந்து பார்த்தால் வரிசையின் கோடியிலிருந்து வந்த அமெரிக்கன் என் முன்னால் நிற்கிறான். எனக்குக் கண்மண் தெரியாத கோபம். பாய்ந்து அவன் தொப்பியைப் பறித்துக் காலால் மிதித்தேன். சிரிப்பு நின்றது. சீழ்க்கை தொடங்கியது. முன்வரிசையில் வருடம் தவறாமல் உட்காரும் ஒரு கிழவி எழுந்து குடையால் என் தொடையில் குத்தினாள். என் தொழில் தப்பியது.

பிறகு கூடாரத்தின் பின்பக்கம், வீரர்கள் குடியிருக்கும் வீட்டுவண்டிகளுக்கு நடுவில், அவன் கடந்து போகிறபோது மெதுவாகச் சொன்னான். "மன்னிச்சுக்கொள், மகாராசா. வேற வழி தெரியேல்லை."

அப்படித்தான் சிநேகிதம் தொடங்கியது. ஆனால் வெளியே காட்ட முடியாது. நல்லவனும் கெட்டவனும் ஒரு மேசையில் இருந்து கோப்பி குடித்ததை ஒரு ரசிகன் கண்டாலும் போதும், கூடாரம் பொய்யாகிவிடும். அது முதலாளியின் கட்டளை, எங்களுடைய கட்டுப்பாடும்தான். ஏழு கோடைகள் அவனோடு அடிபட்டேன், அவன் வீட்டுவண்டிக்குள் இருந்து சோறு சமைத்துச் சாப்பிட்டேன், ஆனால் ஒரு நாளும் தெருவில் அவனோடு சேர்ந்து நடந்ததில்லை.

இந்தத் தொழிலில் பிடியெல்லாம் இடப்பக்கம் என்பது உங்களுக்குத் தெரியும். இடது கை, இடது கால், தலையைப் பிடித்தாலும் இடது கக்கத்தில். எந்த நாட்டுக்காரன் வந்தாலும் பாஷை தெரியாமலே அடிபட முடிவது அதனால்தான். அமெரிக்கன் மட்டும் எல்லாவற்றையும் வலப்பக்கம் கேட்பான். மற்றவர்கள் அதைத் தலைக்கனம் என்றார்கள். நானும் முதல் கோடையில் அப்படித்தான் நினைத்தேன். இரண்டாவது கோடையில் சில விஷயங்களைக் கவனித்தேன். வரிசையில் இடது கோடியை அவன் யாருக்கும் விட்டுக் கொடுப்பதில்லை. வண்டிக்குள் இருந்தால் இடது தோள் சுவரில் முட்ட இருப்பான். யாராவது அந்தப் பக்கமாக வந்தால் முழுத் தலையையும் திருப்பித்தான் பார்ப்பான். அவனுடைய இடது கண் பார்ப்பதற்கு நன்றாகவே இருந்தது. அதற்குள் வெளிச்சம்தான் இல்லை.

நான் எதுவும் கேட்கவில்லை. வலப்பக்கமாகவே அவனோடு அடிபடப் பழகினேன். நான் தெரிந்துகொண்டேன் என்பது அவனுக்கும் தெரிந்தது. இதைப் பற்றி நாங்கள் ஐந்து வருடம் ஒரு சொல் பேசவில்லை. கூட வேலை செய்கிறவன் ஏதாவது ஒன்றைக் கோணலாகச் செய்தால், சிரிப்பதற்கு முன் அது எதை மறைக்கிறது என்று பாருங்கள். இதுவரை நான் செய்தது சரி என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். இனிமேல் சொல்லப்போவது சரியல்ல.

ஒவ்வொரு கோடையும் முதல் நாள் டாக்டர் ஒருவர் வந்து எல்லாரையும் சோதிப்பார். நெஞ்சு, முதுகு, கடைசியாகக் கண். சுவரில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கும். ஒரு கண்ணை மூடி மற்றதால் வாசிக்க வேண்டும். வழக்கமான டாக்டர் கிழவர், பலகையும் அவரைப் போலவே பழையது. அமெரிக்கன் அதை எப்போதோ மனப்பாடம் செய்துவிட்டான். எழுபதுகள் தொடங்கிய அந்தக் கோடையில் புதிய டாக்டர் வந்தார், புதிய பலகையோடு. நாங்கள் வரிசையில் நின்றோம். எனக்குப் பின்னால் நின்ற அமெரிக்கன் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிற மாதிரி என் காதருகே வந்தான்.

"கடைசி மூண்டு வரி," என்றான். "பாத்துக்கொண்டு வா."

ஐந்து வருடத்தில் அந்தக் கண்ணைப் பற்றி நாங்கள் பேசியது அதுதான் முதல் தடவை. நான் உள்ளே போய், சின்ன வயதில் தேவாரம் பாடமாக்கியது போல அந்த எழுத்துக்களை ஒவ்வொன்றாகப் பாடமாக்கி, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு வெளியே வந்து அவனிடம் ஒப்புவித்தேன். பெரிய உபகாரம் செய்துவிட்ட பெருமை எனக்கு. அவன் உள்ளே போனான், முத்திரை குத்திய கடதாசியோடு வந்தான். அந்த மூன்று வரியையும் அவன் உள்ளே இரண்டு தடவை, ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு தடவை, சொன்னான் என்பது எனக்கு அப்போது தெரியாது.

அவனுக்கென்று ஒரு பாய்ச்சல் இருந்தது. அதைப் பார்க்கத்தான் சனம் வரும். எதிராளி ரிங்கின் நடுவில் மயங்கிக் கிடப்பான். இவன் மூலைக் கம்பத்தில் ஏறி மேல் கயிற்றில் நிமிர்ந்து நின்று, கைகளை விரித்து, மேலே பாய்வான். பார்க்கிறவர்களுக்கு நெஞ்சில் விழுவதாகத் தெரியும். விழுவது பக்கத்தில், நாலு விரல் இடைவெளியில். கீழே கிடக்கிறவன் அசையக் கூடாது, எழும்பக் கூடாது. கிடக்கிறவன் எழும்புவதைவிடப் பெரிய துரோகம் எங்கள் தொழிலில் அன்றைக்கு இருக்கவில்லை.

நாலாவது வாரத்தில் பிரேமன் நகரப் பக்கத்து வீரன் ஒருவன் கீழே கிடந்தான். ஓடு வேய்கிற வேலையை விட்டுவிட்டு வந்தவன், அது அவனுக்கு முதல் கோடை. அமெரிக்கனின் முழங்கால் அவன் தோளில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் திரைக்குப் பின்னால் கேட்டது. மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கட்டுப்போட்டுக்கொண்டு படுத்திருந்தவன் என்னைப் பார்த்ததும் எழும்பப் பார்த்தான்.

"என்ரை பிழைதான்," என்றான். "நான் அசைஞ்சிட்டன் போல. அவரிட்டைச் சொல்லுங்கோ, கோவிக்க வேண்டாமெண்டு. இனி அசையமாட்டன்."

கொண்டுபோன திராட்சைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு உடனே வெளியே வந்துவிட்டேன். அவன் அசையவில்லை. எனக்குத் தெரியும். இந்த வாயில் மூன்று வரியைச் சுமந்து வந்து கொடுத்தவன் நான்.

நேரே அமெரிக்கனின் வண்டிக்குப் போனேன். அவன் கதவைப் பார்த்தபடி இருந்தான். நான் வாசலில் நிற்கிறேன், யார் என்று அவனுக்குத் தெரியவில்லை. குரல் கொடுத்த பிறகுதான் முகம் மாறியது.

"மற்றதும் போகுதோ?" என்றேன்.

"மாசியிலை இருந்து. பகலிலை பரவாயில்லை. லைட்டுக்குக் கீழை எல்லாம் பால் மாதிரி."

"டாக்டரிட்டைச் சொல்லு."

"சொன்னா இண்டைக்கே பெட்டியைக் கட்டோணும். நான் குருடன் எண்ட கதை எனக்கு முன்னமே ஊருக்குப் போயிடும்." தடவிப் பார்த்துத் தொப்பியை எடுத்து மடியில் வைத்தான். "இருபது வருசம், மகாராசா. மல்லனாய்ப் போறன், நோயாளியாய்ப் போக ஏலாது. கடைசி நாள் உன்னோடை. அண்டைக்கு ஒருக்காப் பாயிறன். பிறகு நானே அந்தப் பெடியனிட்டைப் போய்ச் சொல்லுறன்."

"அதுவரைக்கும்?"

"வேற ஒருத்தரிலையும் பாயமாட்டன்."

அவன் சொல்லைக் காப்பாற்றினான். மிச்ச நாட்களில் இடுப்பு வலி என்று சொல்லிப் பாய்ச்சலைத் தவிர்த்தான். கடைசி நாளுக்கு இருவரும் ஒரு ஏற்பாடு செய்தோம். நான் கிடக்கும்போது குதிக்காலால் ரிங்கின் தரைப்பலகையில் தட்டிக்கொண்டே இருப்பேன். ஒன்று, இரண்டு, பிறகு ஒரு இடைவெளி. அந்தச் சத்தத்தை வைத்து நான் கிடக்கிற இடத்தை அவன் கண்டுபிடிப்பான். வெறும் கூடாரத்தில் பகலில் இரண்டு தடவை பழகிப் பார்த்தோம், சரியாக வந்தது. என் உடம்பு, என் சம்மதம், இதில் வேறு யாருக்கும் நட்டமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதுதான் என் இரண்டாவது பிழை. பகலில் வெறும் கூடாரத்தில் பழகியதும் ஒரு பிழைதான், அதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

கடைசி நாள் ஞாயிறு மாலை. நிற்க இடமில்லாத சனம். நானும் அவனும் ஐந்தாவது சுற்றுவரை அடிபட்டோம். அதைப் போல ஒரு சண்டை எனக்கு முன்னும் பின்னும் அமையவில்லை, அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. உடம்பில் கை பட்டால் போதும், அவனுக்குக் கண் வேண்டியிருக்கவில்லை. நான் வழக்கம்போலக் கள்ளத்தனம் செய்து இரண்டு பகிரங்க எச்சரிக்கை வாங்கியிருந்தேன். மூன்றாவது வாங்கினால் வெளியே, எதிராளி வென்றதாகிவிடும். பிறகு பேசி வைத்தபடி அவன் என்னைத் தூக்கிப் போட்டான், நான் நடுவில் மயங்கிக் கிடந்தேன். அவன் கம்பத்தில் ஏறினான்.

அப்போதுதான் சனம் முழுக்க எழுந்து நின்று தாளம் போட்டுக் காலால் தரையை உதைக்கத் தொடங்கியது. கடைசி நாள், விருப்பமான வீரன், வேறென்ன செய்வார்கள்? கூடாரமே அதிர்ந்தது. நான் குதிக்காலால் தட்டினேன். எனக்கே கேட்கவில்லை. இன்னும் ஓங்கித் தட்டினேன்.

அரைக்கண்ணால் பார்த்தேன். மேல் கயிற்றில் நின்ற அவன் முகம் என் பக்கம் இல்லை. எனக்கு எதிர்ப்பக்கம், முன்வரிசையைப் பார்த்துத் திரும்பியிருந்தது. அவன் இடது பாதம் கயிற்றை விட்டு விலகி, காற்றில் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் குடைக்கிழவியும் வேறு பத்துப் பேரும் கழுத்தை அண்ணாந்து நின்றார்கள்.

யோசிக்க நேரம் இருந்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். எழும்பினேன்.

ஓடிப்போய் அவனை இடுப்பில் கட்டிப்பிடித்து என் தோளில் சாய்த்துக் கீழே இறக்கினேன். பார்த்தவர்களுக்கு நான் பின்னாலிருந்து இழுத்து விழுத்தியதாகத்தான் தெரிந்திருக்கும். அவன் வாய் என் காதருகே இருந்தது.

"திரும்பப் படு," என்றான். "கெஞ்சிக் கேக்கிறன். திரும்பப் படு."

படுத்திருந்தால் அவன் திரும்பவும் ஏறியிருப்பான். அவனைத் தெரியும் எனக்கு. அவன் ஏற முடியாதபடி சண்டை அந்த நொடியே முடிய வேண்டும், அவன் வென்றதாகவும் முடிய வேண்டும். நான் திரும்பி நடுவரின் வயிற்றில் உதைத்தேன். நடுவர் ஒரு பாவப்பட்ட மனுசன், முன்னர் பேக்கரியில் பாண் போட்டு விற்றவர், இது பேசி வைத்ததில் இல்லை என்பதால் மெய்யாகவே சுருண்டு விழுந்தார். எழும்பியதும் மூன்றாவது எச்சரிக்கை, மணி. அமெரிக்கனின் கையைத் தூக்கிப் பிடித்தார்கள். அவன் வென்றான். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை.

சனம் "ராவுஸ், ராவுஸ்" என்று கத்தியது, வெளியே போ என்று. பியர் கிளாசுகள் பறந்தன. நாற்பது நாள் காத்திருந்த பாய்ச்சலைக் கெடுத்துவிட்டேன் அல்லவா? கிழவியின் குடை என் முதுகில் முறிந்தது. அடுத்த நாலு நாளும் அந்தத் தழும்பைத் தடவிக்கொண்டேதான் நித்திரை கொண்டேன்.

முதலாளி உடைமாற்றும் அறைக்கு வந்தார். "நீர் என்ன செய்தனீர் எண்டு உமக்குத் தெரியுமோ?" என்று கேட்டார்.

"கோவம் வந்திட்டுது," என்றேன்.

"ஏன்?"

"தெரியேல்லை."

"முடிவை மாத்திறவனை நம்பி ஒருத்தனும் கீழை படுக்கமாட்டான்," என்றார். "இனி வராதையும்." அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பிழையில்லை. இரண்டு வருடம் எந்தக் கூடாரமும் என்னைக் கூப்பிடவில்லை. துறைமுகத்தில் வாழைப்பழப் பெட்டி இறக்கினேன். உண்மையைச் சொல்லியிருந்தால் அடுத்த நாளே திரும்ப எடுத்திருப்பார்கள். அமெரிக்கனைக் குருடன் என்று அனுப்பியிருப்பார்கள்.

அமெரிக்கன் என்னோடு பேசவில்லை. அந்த அறையில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சப்பாத்தைக் கழற்றினான், போய்விட்டான். எல்லாவற்றையும்விட அதுதான் வலித்தது. அவனுடைய கடைசிப் பாய்ச்சலை அவனிடமிருந்து பறித்தவன் நான். அவன் பாய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? அந்தப் பாதம் கயிற்றைக் கண்டுபிடித்திருக்கலாம். இதை நினைக்காத கோடை எனக்கு இல்லை. இந்தத் தொழிலில் சரியான முடிவு எடுத்தவனுக்கு யாரும் வந்து அது சரி என்று சொல்ல மாட்டார்கள். அதை எதிர்பார்த்து முடிவெடுக்காதீர்கள்.

ஐந்தாம் நாள் பகல் பதினொரு மணி. யாரோ என் அறைக் கதவைத் தட்டினார்கள். திறந்தால் அமெரிக்கன், ஒரு பெட்டியோடு, தொப்பி இல்லாமல்.

"பிரேமனுக்குப் போட்டு வாறன்," என்றான். "பெடியனிட்டைச் சொல்லிப்போட்டன். எல்லாம்."

"என்ன சொன்னவன்?"

"அழுதான். பிறகு, நான் அசையேல்லைத்தானே எண்டு மூண்டு தரம் கேட்டான். நீ அசையேல்லை எண்டன்." பெட்டியை மற்றக் கைக்கு மாற்றினான். "ஊருக்குப் போறன். ரயிலுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கு. ஸ்டேசன் வரைக்கும் வாறியோ?"

"சனம் பாக்கும்," என்றேன். ஊர் முழுக்க எங்கள் படம் ஒட்டிய சுவரொட்டிகள் இன்னும் கிழிபடாமல் இருந்தன.

"பாக்கட்டும்."

படியிறங்கித் தெருவுக்கு வந்தோம். ஏழு கோடைப் பழக்கத்தில் நான் அவனுடைய வலப்பக்கம் போய் நின்றேன். அவன் நின்றான். பெட்டியை வலது கைக்கு மாற்றி, என்னைச் சுற்றிக்கொண்டு வந்து, எனக்கு வலப்பக்கமாக நின்றான். இப்போது நான் அவனுடைய இடப்பக்கத்தில் இருந்தேன். அந்தப் பக்கத்தில் அவன் யாரையும் விட்டு நான் கண்டதில்லை. அப்படியே நடந்தோம். ரொட்டிக் கடை வாசலில் இரண்டு பேர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள்.

ஸ்டேசனுக்கு முன்னால் பெரிய தெரு. டிராமும் கார்களும் இடப்பக்கமிருந்து வந்துகொண்டிருந்தன. இப்படியான இடத்தில் அவன் கழுத்தை முழுக்கத் திருப்பி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்த பிறகுதான் கால் வைப்பான். அன்றைக்கு அவன் தலையைத் திருப்பவில்லை. நேரே ஸ்டேசன் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"போகலாமோ?" என்று கேட்டான்.

ஒரு டிராம் போகும்வரை பொறுத்தேன். "ஓம்," என்றேன். "வா."

அவன் தெருவில் கால் வைத்தான்.